ஒரு கவளம் உள்ளே போகும் வழி: மெல்லுவது, ருசிப்பது, விழுங்குவது எப்படி

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று சொல்லி வைத்தவர்கள் எத்தனை தடவை மெல்ல வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. அது நல்லதாகப் போயிற்று. 32 பல்லுக்கு 32 தடவை என்ற கணக்கெல்லாம் வேறு யாரோ கிளப்பியது. அமெரிக்காவில் ஹொரேஸ் ஃப்ளெட்சர் (1849–1919) என்று ஒருவர் இருந்தார், உணவு நீராகிக் கரைந்து தானாகத் தொண்டையில் இறங்கும்வரை மெல்லுங்கள், இறங்க மறுப்பதைத் துப்பிவிடுங்கள் என்று பிரசாரமே செய்தார், கொஞ்ச காலம் ஒரு கூட்டம் அவர் சொன்னபடி தாடை வலிக்க மென்றுகொண்டும் இருந்தது. நானும் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டும்போது என்ன சாப்பிடுகிறேன் என்பதே மறந்துவிட்டது, எண் மட்டும்தான் வாயில் இருந்தது.

அதனால் இங்கே எண்ணிக்கை கிடையாது. ஒரே ஒரு கவளத்தை உதட்டிலிருந்து இரைப்பை வரைக்கும் பின்தொடர்ந்து போகலாம், வழியில் அங்கங்கே நின்று உங்கள் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி, ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு டிஷ்யூ பேப்பர், பழச்சுவை மிட்டாய் ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவளம் நாக்கின் பின்பக்கத்தைத் தாண்டும் வரைதான் அது உங்கள் பேச்சைக் கேட்கும். தாண்டிவிட்டால் நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. செய்ய வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னாலேயே செய்து முடித்துவிட வேண்டும்.

மெல்லுவது

விரல்களைக் கன்னத்தின் பின்பக்கம், தாடை முனைக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். கல் மாதிரி புடைக்கிறதே, அதுதான் மாசெட்டர் தசை. இப்போது நெற்றிப்பொட்டுக்கு விரலை நகர்த்தி மறுபடி கடியுங்கள், அங்கேயும் ஒன்று துடிக்கும். ரொம்ப நேரம் கடினமானதை மென்றாலோ, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தாலோ சிலருக்குப் பொட்டில் தலைவலி வருவதற்கு இந்தத் தசை ஒரு காரணம். உள்பக்கம் இன்னும் இரண்டு ஜோடி இருக்கின்றன, விரலுக்கு எட்டாது. அவைதான் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன.

இந்தப் பக்கவாட்டு அசைவைக் கண்ணாடியில் பாருங்கள். மெல்லும்போது தாடை மேலும் கீழுமாக மட்டும் போவதாகத்தான் நமக்குத் தோன்றும், உண்மையில் அது கீழே இறங்கி, ஒரு பக்கம் ஒதுங்கி, மேலே வந்து, நடுவுக்குச் சரிகிறது, கிட்டத்தட்ட ஒரு நீர்த்துளி வடிவம். அந்தக் கடைசிச் சரிவில்தான் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அரைக்கின்றன. முன்னால் இருக்கும் 8 வெட்டுப்பற்களும் 4 கோரைப்பற்களும் வெட்டவும் கிழிக்கவும்தான். அரைக்கிற வேலை முழுக்க மீதி 20 பற்களுடையது, அதிலும் நாலு ஞானப்பல் பலருக்கு வருவதே இல்லை.

ஆனால் உண்மையான உழைப்பாளி பல் இல்லை, நாக்குதான். ஒவ்வொரு கடிக்கும் உணவு பல்லிலிருந்து வழுக்கி உள்ளேயும் வெளியேயும் விழுகிறது, நாக்கு ஒரு பக்கமும் கன்னம் மறுபக்கமும் அதை மறுபடி பல்லுக்கு நடுவே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பல் இறங்குகிற அதே இடத்தில் நின்று வேலை செய்தும் நாக்கு கடிபடாமல் தப்பிக்கிறதே, அதுதான் ஆச்சரியம். அவசரமாகப் பேசிக்கொண்டே சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும், இரண்டு வேலைக்கும் ஒரே நாக்கு.

இன்னொன்று, பல் எலும்பில் நேராகப் புதைந்திருக்கவில்லை. நடுவே நுண்ணிய நார்களாலான மெத்தை ஒன்று இருக்கிறது, அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அதில்தான் இருக்கின்றன. சின்ன மணல் துகள் மாட்டினாலும், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே தாடை நின்றுவிடும். முழுச் செயற்கைப் பல் செட் வைத்தவர்களுக்கு இந்த உணர்வு குறைவு, அவர்கள் சின்னதாக வெட்டிச் சாப்பிடுவது நல்லது.

சரி, எப்போது மென்றது போதும்? இப்படிப் பாருங்கள். வாயில் இருப்பதை நாக்கால் மேல் அண்ணத்தில் மெதுவாக அழுத்துங்கள். முனை முனையாகக் குத்தினால் இன்னும் ஆகவில்லை. உதிரியாகச் சிதறி ஓடினால் எச்சில் போதவில்லை. ஒட்டிக்கொண்டு, வழவழவென்று ஒரே உருண்டையாகத் திரண்டால் அதுதான் விழுங்கும் பதம். பழுத்த வாழைப்பழத்துக்கு இந்தப் பதம் நாலைந்து கடியில் வந்துவிடும், பாதாமுக்கு இருபது முப்பது கடி பிடிக்கும், காய்ந்த ரொட்டிக்கு அது எவ்வளவு காய்ந்தது என்பதைப் பொறுத்தது. கொட்டை வகைகளை அரைகுறையாக மென்றால் செல்சுவர்கள் உடையாமல் உள்ளே இருக்கும் கொழுப்பு அப்படியே வெளியே போய்விடும், பாதாமை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

வேகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வாயில் இருப்பது இறங்கும்வரை அடுத்த வாயைக் கையில் எடுக்காதீர்கள். கை சும்மா இருந்தால் வாய் தன் வேலையைச் செய்யும். அடுத்தது உதட்டருகே காத்திருந்தால் உள்ளே இருப்பதைப் பாதியில் தள்ளிவிடத்தான் தோன்றும். அப்புறம், மெல்லாத உணவைத் தண்ணீர் ஊற்றித் தள்ளும் பழக்கத்தை விடுங்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, வாய் காலியான பிறகு குடியுங்கள்.

எச்சில்

எச்சில் என்றாலே முகம் சுளிக்கிறோம், உமிழ்நீர் என்று மரியாதையாகச் சொன்னாலும் யாரும் அதை மதிப்பதில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது, அதில் 99 சதவீதம் தண்ணீர். மீதி ஒரு சதவீதத்தில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது.

முதல் சோதனை. ரொட்டித் துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள், விழுங்காதீர்கள். ஒரு நிமிடம், முடிந்தால் இன்னும் கொஞ்ச நேரம். மெல்ல மெல்ல இனிப்பு எட்டிப் பார்க்கும். ரொட்டியில் இருக்கும் மாவுச்சத்தை எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டிப் போடுகிறது. செரிமானம் வயிற்றில் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த ஒரு நிமிடம் போதும் அதை மாற்றிக்கொள்ள. விழுங்கிய பிறகும் இரைப்பையின் அமிலம் கவளத்துக்குள் ஊறி இறங்கும் வரை அமிலேஸ் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது சோதனை இன்னும் நன்றாக இருக்கும். டிஷ்யூ பேப்பரால் நாக்கை நன்றாக ஒற்றி உலர வையுங்கள், நாலைந்து சர்க்கரைத் துகள்களை மேலே வையுங்கள், நாக்கை உள்ளே இழுக்காதீர்கள். ஒன்றும் தெரியாது, மணல் மாதிரி இருக்கும். பிறகு வாயை மூடுங்கள், எச்சில் பட்ட கணமே இனிக்கும். எந்தப் பொருளும் கரைந்தால்தான் சுவை உணரும் செல்களைப் போய்ச் சேர முடியும். காய்ச்சலில் வாய் உலர்ந்து கிடக்கும்போது எதைத் தின்றாலும் அட்டையைத் தின்பது போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரப்பிகளை நேரிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்து, மேல் வரிசையின் இரண்டாவது பெரிய கடைவாய்ப் பல்லுக்கு நேராக உள் கன்னத்தைப் பாருங்கள், சிறு பரு மாதிரி ஒரு மேடு தெரியும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி அங்கேதான் திறக்கிறது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்தால் ஒரு துளி எட்டிப் பார்க்கும். நாக்கைத் தூக்கினால் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வின் அடியில் இருபுறமும் இரண்டு புள்ளிகள், அவை தாடைக்குக் கீழ் இருக்கும் சுரப்பிகளின் வாசல். சிலருக்குக் கொட்டாவி விடும்போது எச்சில் பீச்சியடிப்பது இங்கிருந்துதான். நாக்குக்கு அடியில் இன்னொரு ஜோடி, அதுபோக உதடு, கன்னம், அண்ணம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தாடைக்கடியில் வீங்கி வலித்து, கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடுகிறதா? குழாயில் கல் அடைத்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தச் சுரப்பு நரம்புகளின் கட்டுப்பாட்டில் இருப்பதால்தான் நினைத்தாலே வாய் ஊறுகிறது. நாய்களை வைத்து ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் செய்த எச்சில் சோதனைகள் ஊரறிந்தவை, ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக. பயம் வந்தால் எச்சில் குறைந்து கெட்டியாகிவிடும், மேடையில் ஏறியதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். தூங்கும்போது சுரப்பு ஏறக்குறைய நின்றேவிடும். கிருமிகளைக் கழுவ ஆள் இல்லாததால் காலையில் வாய் நாறுகிறது. இனிப்பு சாப்பிட்டால் கிருமிகள் அமிலம் உண்டாக்கி வாயின் பி.எச் 5.5-க்குக் கீழே இறங்கும், அப்போது பல் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில்தான் அரை மணி முக்கால் மணி நேரத்தில் அதை மறுபடி மேலே கொண்டுவந்து, இழந்த தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பியும் ஒட்டவைக்கிறது. அதனால் ஒரு பாக்கெட் மிட்டாயை நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்புவதை விட ஒரே உட்காரலில் தின்று முடிப்பது பல்லுக்கு நல்லது! புளிப்பான பானம் குடித்த உடனே பல் தேய்க்காதீர்கள், மேற்பரப்பு இளகியிருக்கும், வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

வாய் எப்போதும் உலர்ந்தே இருக்கிறது என்றால் முதலில் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள் எல்லாம் எச்சிலைக் குறைக்கும், நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். வாய் வழியாக மூச்சு விடும் பழக்கம் இருந்தாலும் இதே கதைதான். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவது சுரப்பைத் தூண்டும், அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பதும் உதவும். வாயோடு கண்ணும் உலர்ந்து உறுத்தினால் தள்ளிப் போடாமல் காட்டுங்கள், ஷோக்ரன் நோய் என்று ஒன்று இருக்கிறது, உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கும்.

ருசிப்பது

நாம் அறுசுவை என்கிறோம், ஆய்வகம் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நாலும் பொது. ஐந்தாவது உமாமி, இறைச்சிச் சாற்றில் தெரிகிற அந்தச் செறிவான ருசி. 1908-இல் ஜப்பானைச் சேர்ந்த கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து இதுதான் அந்தச் சுவைக்குக் காரணம் என்று காட்டினார். நம் கணக்கில் மீதியிருக்கும் கார்ப்பும் துவர்ப்பும் என்ன ஆயின? கார்ப்பு வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு ஏற்பியை (நரம்பு முனையில் இருக்கும், சூட்டை உணரும் புரதம்) எழுப்பிவிடுகிறது, மூளை 'சுடுது' என்று நம்பிவிடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துவர்ப்பு என்பது எச்சிலின் வழவழப்பான புரதங்களைத் துவர்ப்புப் பொருள்கள் பிடித்து இறுக்கிவிடுவதால் நாக்கு சொரசொரப்பாகத் தெரியும் உணர்வு. ஆக இரண்டும் பொய்யில்லை, வேறு நரம்பு வழியாக வருகிறவை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் சாப்பிடுகிறவனுக்கு ஆறே சரி.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால் குடியுங்கள். சூடான பானம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே விழித்திருக்கும் ஏற்பியை அது மேலும் உசுப்பும்.

பள்ளிப் புத்தகத்தில் நாக்கு வரைபடம் பார்த்திருப்பீர்கள், நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று. அது தவறு. 1901-இல் டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மானியர் இடத்துக்கு இடம் மிகச் சிறிய வேறுபாடுதான் கண்டார், அது பிறகு தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டு வரைபடமாகிவிட்டது. சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், இனிக்கத்தான் செய்யும். சுவை மொட்டுகள் மேல் அண்ணத்திலும் தொண்டையிலும் கூட உண்டு. அதிலுள்ள செல்கள் பத்துப் பதினைந்து நாளில் புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் சூடாக எதையோ குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டால் பதற வேண்டாம், சுவை திரும்பிவிடும்.

இப்போது பழச்சுவை மிட்டாய். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும் தெரியும், என்ன பழம் என்று சொல்ல முடியாது. மூக்கை விடுங்கள், பழம் வந்து நிற்கும். மெல்லும்போது வாயில் எழும் மணம் தொண்டையின் பின்பக்கமாக ஏறி மூக்கை அடைகிறது, மூச்சை வெளியே விடும்போதுதான் அது நன்றாகத் தெரியும். ஜலதோஷத்தில் 'நாக்கு செத்துப்போச்சு' என்கிறோமே, நாக்கு பாவம், அது நன்றாகத்தான் இருக்கிறது. ருசித்துச் சாப்பிட வேண்டுமென்றால் வாயை மூடி மெல்லுங்கள், நடுநடுவே மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும், உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான்.

விழுங்குவது

குரல்வளை மேட்டில் இரண்டு விரல்களை லேசாக வைத்து எச்சிலை விழுங்குங்கள். மேட்டோடு சேர்ந்து விரலுக்கடியில் ஏதோ மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு நொடியில் உள்ளே நடப்பதைக் கேளுங்கள்: மென்மையான அண்ணம் மேலே தூக்கி மூக்கு வழியை அடைக்கிறது, குரல்வளை மேலேறி முன்னால் நகர்கிறது, குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, குரல்வளைக்கு மூடியாக இருக்கும் மடல் அதன்மேல் சாய்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது, கவளம் மூச்சுக்குழாயின் வாசலை ஒட்டியே வழுக்கி உள்ளே போகிறது. மூளைத்தண்டு இதை ஒரே வரிசையில் நடத்துகிறது. விழுங்கி முடிந்ததும் பெரும்பாலும் மூச்சு வெளியேதான் வரும், ஓரமாக ஒட்டியிருக்கும் துணுக்கு உள்ளே போகாமல் இருக்க.

புரையேறுவது இந்த வரிசை குழம்பும்போதுதான். பேசுவதற்குக் குரல் நாண் திறந்து மூட வேண்டும், சிரித்தால் சட்டென்று மூச்சை உள்ளிழுப்போம், இரண்டும் கவளம் இறங்கும் நேரத்தில் நடக்கக் கூடாதவை. வாயில் உணவோடு பேசாதே என்று பெரியவர்கள் திட்டுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. புரையேறினால் தண்ணீரை அவசரமாக ஊற்றாதீர்கள், முதலில் நன்றாக இருமி முடியுங்கள்.

அதற்குக் கீழே சுமார் 25 செ.மீ. உணவுக்குழாய். அலை மாதிரி தசை சுருங்கிச் சுருங்கி எட்டுப் பத்து நொடியில் கவளத்தை இரைப்பையில் சேர்த்துவிடும். தலைகீழாக நின்றாலும் சேர்க்கும் (செய்து பார்க்க வேண்டாம்). ஆனாலும் படுத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் புரையேறும் வாய்ப்பும் குறைவு, அமிலம் எதுக்களிப்பதும் குறைவு.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம், பலர் இதில்தான் திண்டாடுகிறார்கள். நான் பல வருடம் கேப்சூலை வாயில் போட்டுத் தலையை அண்ணாந்து விழுங்கப் பார்த்தேன், அது நாக்கின் முன்னாலேயே மிதந்துகொண்டு நின்று கடைசியில் கரையத் தொடங்கிவிடும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். கேப்சூல் தண்ணீரில் மிதக்கும், அதனால் ஒரு மடக்கு தண்ணீரோடு வாயில் வைத்துக்கொண்டு, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, குனிந்தபடியே விழுங்குங்கள், அது தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து போகும். கனமான மாத்திரைக்கு வேறு முறை: நசுங்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதட்டால் காற்றுப் புகாமல் கவ்வி, உறிஞ்சிக்கொண்டே ஒரே மூச்சில் விழுங்குங்கள். ஜெர்மனியில் நடத்தி 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த இரண்டு முறைகளையும் சோதித்தது, பாட்டில் முறை சுமார் 60 சதவீதம், குனியும் முறை சுமார் 89 சதவீதம் முயற்சிகளில் விழுங்குவதை எளிதாக்கியது. ஏற்கெனவே விழுங்குவதில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை முயல வேண்டாம்.

மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளையும், குடலில் போய்க் கரைய மேல்பூச்சு பூசியவற்றையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு டம்ளர் தண்ணீரோடு, படுக்கப் போவதற்கு நன்றாக முன்பே சாப்பிடுங்கள். சில மாத்திரைகள், குறிப்பாக எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் போன்றவை, உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணே ஆக்கிவிடும். அதை விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

அடைத்துக்கொண்டால்

அடைத்துக்கொண்டவர் சத்தமாக இருமுகிறார், பேசுகிறார் என்றால் முதுகில் தட்டாமல் இருமவிடுங்கள், இருமலை விடச் சிறந்த கருவி இல்லை. சத்தமே வரவில்லை, கையைத் தொண்டைக்குக் கொண்டுபோகிறார், முகம் நீலமாகிறது என்றால் ஒருவரை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையா, பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வெடுக்கென்று இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பில்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பிவிட்டால் மார்பு அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும்.

அவசரமில்லாத, ஆனால் தள்ளிப் போடக் கூடாத இன்னொரு நிலை உண்டு. உணவு நெஞ்சில் நின்று நின்று போகிறது, தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறது, எடை குறைகிறது, அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருகின்றன. பக்கவாதம் வந்தவர்களிடம் இது நிறையவே உண்டு. 30 நொடியில் வெறும் எச்சிலை எத்தனை தடவை விழுங்க முடிகிறது என்று பாருங்கள், மூன்று கூட முடியவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: சிக்குவது கெட்டி உணவா, தண்ணீரா, இரண்டுமா, விழுங்கத் தொடங்கும்போதே தடங்கலா, விழுங்கிச் சில நொடி கழித்தா, எந்த இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. கெட்டி உணவு மட்டும் சிக்கி, பிறகு படிப்படியாகத் தண்ணீரும் சிக்கத் தொடங்கினால் குழாயில் எங்கோ இடம் குறுகுகிறது என்று சந்தேகிப்பார்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டும் சிக்கினால் நரம்பு, தசைப் பக்கம் தேடுவார்கள்.